இசாகாயா விருந்தும் வார்ஃபரின் மாத்திரையும்

ஜப்பானில் பணிபுரியும் பிள்ளைகளிடம் சென்று தங்கவிருக்கும் இதய நோயாளிகள், அங்கு எதை உண்ணலாம் என்று எங்களிடம் கேட்பதுண்டு. நண்பர்கள் கூடிச் சிறு தட்டுகளைப் பகிர்ந்துண்ணும் 'இசாகாயா' உணவகத்திற்கு அழைத்தால் மறுக்க வேண்டியதில்லை; மதுவை மட்டும் தவிர்த்திடுக.

செயற்கை இதய வால்வு பொருத்தப்பெற்று வார்ஃபரின் உட்கொள்வோர் தொடக்கூடாத உணவு ஒன்றுண்டு: நாட்டோ. நொதிக்கவைத்த சோயா அவரையாகிய இது நூல் நூலாக இழுபடும். அதன் மணமே பலரை விலக்கிவிடும் என்பது எங்களுக்கு ஆறுதல். எனினும் சுஷிச் சுருளுக்குள்ளும் அது மறைந்திருக்கக்கூடும். வைட்டமின் கே-யின் செயலைத் தடுத்தே வார்ஃபரின் இரத்தம் உறைவதைக் குறைக்கிறது. நாட்டோவிலோ அவ்வைட்டமின் மிக அதிகம். அதிலுள்ள நுண்ணுயிர் குடலிலும் அதனை உண்டாக்கும். ஆகவே ஒரு கிண்ணம் உண்டாலும் மருந்தின் பயன் சில நாள்களுக்குக் குன்றி, வால்வில் இரத்தக்கட்டி தோன்றலாம். கீரையை நாள்தோறும் ஒரே அளவாக உண்ணலாம் என்கிறோம். நாட்டோவுக்கு அச்சலுகை இல்லை. தோஃபுவுக்குத் தடையில்லை.

சோயா சாஸ் ஒரு மேசைக்கரண்டியில் ஏறத்தாழ 2.5 கிராம் உப்பு உண்டு. உலகச் சுகாதார நிறுவனம் ஒரு நாள் முழுமைக்கும் கூறும் வரம்பு 5 கிராமே. தொட்டுக்கொள்ளலாம், ஊற்றிக்கொள்ள வேண்டா. ராமென் சூப்பையும் மிச்சம் வைத்திடுக.

இனிப்பாக வரும் மோச்சி, ஒட்டும் அரிசிப் பண்டம். புத்தாண்டுக் காலத்தில் அது தொண்டையில் அடைத்து ஜப்பானிய முதியோர் உயிரிழப்பதுண்டு. பக்கவாதத்தால் விழுங்கச் சிரமப்படுவோர்க்கு அது வேண்டா.

அறியாது நாட்டோவை உண்டுவிட்டால், மாத்திரையைத் தாமாகக் கூட்டாமல் மருத்துவரிடம் தெரிவித்து ஐ.என்.ஆர். பரிசோதனை செய்துகொள்க.