மகாஸ்வேதா தேவியும் தந்தை விட்டுச்சென்ற இதழும்

1926இல் டாக்காவில் பிறந்து, வங்க நாவல் உலகில் தமக்கெனத் தனி இடம் பெற்ற மகாஸ்வேதா தேவியைச் சுற்றி எழுத்தாளர்களே நிறைந்திருந்தனர். தந்தை மணீஷ் கட்டக், தாகூரின் செல்வாக்கிலிருந்து விலகி வறியோர் வாழ்வை இலக்கியத்திற்குள் கொணர்ந்த 'கல்லோல்' குழுவைச் சேர்ந்த கவிஞர். தாய் தரித்திரி தேவியும் எழுதியவர். திரைப்பட இயக்குநர் ரித்விக் கட்டக் சிற்றப்பா. 1947இல் மணந்த பிஜன் பட்டாச்சார்யா, வங்கப் பஞ்சத்தை மேடையேற்றிய 'நபான்னா' நாடகத்தின் ஆசிரியர். மகன் நபாருணும் நாவலாசிரியரானார். எனினும் மகாஸ்வேதாவின் எழுத்துக்குப் பொருள் தந்தது வீட்டு நூலகம் அன்று, ஊர்ப்பயணமே. 1956இல் வெளிவந்த ஜான்சி ராணி வரலாற்றுக்காகப் புந்தேல்கண்ட் பகுதியில் அலைந்து வாய்மொழிக் கதைகளைத் திரட்டிய அவர், பழங்குடித் தலைவர் பிர்சா முண்டாவின் கிளர்ச்சியைச் சொல்லும் 'ஆரண்யேர் அதிகார்' நாவலுக்காக 1979இல் சாகித்திய அகாதெமி விருது பெற்றார்.

குடும்பச் சொத்தாக அவருக்கு வந்தவற்றுள் மிகப் பெரியது, தந்தை நடத்திய 'பர்த்திகா' என்னும் காலாண்டிதழே ஆகும். 1980இல் அதன் ஆசிரியப் பொறுப்பை ஏற்றவர், இலக்கியச் சிற்றிதழாக, அதாவது குறைந்த படிகளே அச்சாகி வணிக நோக்கின்றி வெளிவரும் ஏடாக இருந்த அதனை, உழவர்களும் கூலித் தொழிலாளர்களும் பழங்குடியினரும் தம் ஊரின் நில நிலவரத்தையும் கூலியையும் கொத்தடிமை முறையையும் தாமே எழுதும் களமாக மாற்றினார். சிறையில் எழுத்தறிந்து கொல்கத்தாவில் ரிக்‌ஷா ஓட்டிக்கொண்டிருந்த மனோரஞ்சன் பியாபாரி, தம் வண்டியில் ஏறிய அவரிடம் ஒரு சொல்லுக்குப் பொருள் கேட்டார். அவரோ பியாபாரியின் வாழ்க்கையையே எழுதித்தரச் சொல்லித் தம் இதழில் வெளியிட்டார். பியாபாரி இன்று பெயர்பெற்ற நாவலாசிரியர். எழுத்தாளர் குடும்பத்து மகள் ஒருவர் தம் வீட்டு வாயிலை இவ்வளவு அகலத் திறந்துவைத்தது, அவருக்கு 1996இல் கிடைத்த ஞானபீட விருதினும் பெரிய செயல்.

களப்பணியின் ஆவணச்சுமை அவருடைய பிற்காலக் கதைகளின் கலையழகைக் குறைத்தது என்போரும் உளர். கவலைக்குரியது வேறு: நாவல்கள் மறுபதிப்பும் மொழிபெயர்ப்பும் காண, எளியோர் எழுதிய இத்தகைய இதழ்கள் மலிவுத் தாளில் அச்சானவையாதலால் எந்த மொழியிலும் விரைவில் பொடிந்து மறைகின்றன. பிறப்பாலேயே ஒரு குலத்தைக் குற்றவாளியாக்கிய 1871ஆம் ஆண்டுக் குற்றப் பரம்பரைச் சட்டம் 1952இல் நீங்கிய பின்னும், மேற்கு வங்கத்துப் புருலியா மாவட்டத்தின் கேரியா சபர் பழங்குடி மக்கள் ஐயத்திற்குரியோராகவே நடத்தப்பட்டனர்; அத்தகையோர் நிலையைப் பிறர் எழுதிய நூல்களைக் கொண்டு மட்டும் அறிய முடியாது. சிற்றிதழ்த் தொகுதிகளை வீட்டுப் பரணில் வைத்திருப்போர், எடைக்குப் போடுமுன் அவற்றை ஒரு நூலகத்தில் சேர்ப்பிக்க வேண்டும்.