பட்டுப்புழுவின் மார்கழிக் குளிருக்குப் பகல் வெயில்

மார்கழி, தை மாதங்களில் தருமபுரி மாவட்டத்துப் பட்டு விவசாயிகள் இரவில் நிம்மதியாக உறங்குவதில்லை. பகலில் வெயில் சுள்ளென்று அடித்தாலும், நள்ளிரவுக்குப் பின் மேட்டுப் பாங்கான ஊர்களில் வெப்பம் 20 டிகிரி சென்டிகிரேடுக்குக் கீழே இறங்கிவிடுவதுண்டு. முட்டையிலிருந்து வந்த இளம் புழுவுக்கோ 27, 28 டிகிரி வேண்டும். மூன்றாம் பருவத்தில் 26, நான்கில் 25, ஐந்தில் 24 என்று தேவை குறைந்துகொண்டே போகும். ஆகவே குளிரில் முதலில் அடிபடுவது குஞ்சுப் புழுதான்.

குளிர் பட்ட புழு உடனே சாவதில்லை. தழையை மெல்லத் தின்னும். தோலுரிப்பு ஒரே சீராக நடக்காது. வளர்ப்புக் காலம் சில நாள் நீளும். அத்தனை நாளும் மல்பெரித் தழை செலவாகும். குளிரும் அதிக ஈரமும் சேர்ந்துகொண்டால் சுண்ணாம்புக்கட்டி நோய் எனப்படும் மஸ்கார்டின் வேறு தலைகாட்டும்.

இதற்காகக் கரி அடுப்பு மூட்டும் வழக்கம் பரவலாக உள்ளது. கரி அடுப்பு அறையின் ஈரத்தை உறிஞ்சித் தழையை வாட்டுகிறது. அதைவிடப் பெரிய ஆபத்து, மூடிய அறையில் கரி எரியும்போது உண்டாகும் கார்பன் மோனாக்சைடு. இதற்கு மணமில்லை, நிறமில்லை. அந்த அறையில் காவலுக்குப் படுப்பவர் காலையில் எழாமலே போகலாம். மின்சார ஹீட்டர் நல்லதுதான். ஆனால் நடு இரவில் மின்சாரம் நின்றால் அதுவும் நின்றது.

பகல் வெயிலைச் சேமித்து இரவில் பயன்படுத்த முடியுமா? முடியும். ஆனால் மனை முழுவதையும் சூடாக்க முடியாது. இதைக் கணக்குப் போட்டுப் பார்க்காமல் கண்ணாடியும் குழாயும் வாங்கப் போனால் பணம் வீண்.

மின்சாரக் கட்டணத்தில் வரும் 'யூனிட்' அளவிலேயே கணக்கைப் பார்ப்போம். நம் பக்கத்தில் தெளிவான நாளில் ஒரு சதுர மீட்டர் இடத்தில் சுமார் 5 யூனிட் வெயில் விழுகிறது. நான்கு சதுர மீட்டர் கண்ணாடிப் பெட்டி வைத்தால் 20 யூனிட். வீட்டில் செய்த பெட்டி அதில் நாற்பது சதவீதம் பிடித்தாலே நல்ல வேலை. அது 8 யூனிட். இது 200 லிட்டர் தண்ணீரை 33, 34 டிகிரி உயர்த்தும். காலையில் 20 டிகிரியில் இருந்த தண்ணீர் மாலையில் 50 டிகிரியைத் தாண்டியிருக்கும். இரவு முழுவதும் அந்த டிரம் அறைக்குக் கொடுக்கக்கூடிய வெப்பம் சுமார் 4 யூனிட். மீதி, விடியும்போதும் வெதுவெதுப்பாக இருக்கும் தண்ணீரிலேயே தங்கிவிடும்.

இனிச் செலவுக் கணக்கு. 20 அடிக்கு 15 அடி, ஓடு வேய்ந்த மனை. வெளியே 17 டிகிரி, உள்ளே 25 வேண்டும் என்றால், பத்து மணி நேரத்தில் சுவர், கூரை, சந்து வழியாகப் போகும் வெப்பம் ஏறத்தாழ 20 யூனிட். வரவு நான்கு, செலவு இருபது. ஐந்து டிரம்மும் இருபது சதுர மீட்டர் கண்ணாடியும் எந்தச் சிறு விவசாயிக்குக் கட்டுப்படியாகும்?

எனவே வரவைப் பெருக்குவதைவிடச் செலவைக் குறைப்பதே வழி. நூறு முட்டைத் தொகுதிப் புழுக்களுக்கு இரண்டாம் பருவம் முடியும்போதுகூட 45 சதுர அடித் தட்டுப் பரப்புத்தான் தேவை. அதற்கு மனை முழுவதும் எதற்கு? மனைக்குள்ளேயே தெற்குச் சுவரை ஒட்டி, 6 அடிக்கு 6 அடி, 7 அடி உயரத்தில் மூங்கில் சட்டம் கட்டுங்கள். உள்ளே ஒன்று, வெளியே ஒன்றாக இரண்டு பாலித்தீன் விரிப்பு. வெளி விரிப்பின் மேல் கோணிச் சாக்கு. மேல்பக்கத்தை மறக்க வேண்டாம், சூடு அதிகம் போவது அந்த வழியில்தான். இந்தக் கூடாரத்தின் இரவுச் செலவு 4 யூனிட் அளவில் அடங்கும். ஐந்தடிக்கு மூன்றடியில் நான்கு அடுக்குத் தாங்கியும் ஒரு டிரம்மும் இதற்குள் கொள்ளும்.

இந்த இடத்தில் ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். இளம்புழு வளர்ப்பு மையத்தில் இரண்டாம் தோலுரிப்பு முடிந்த புழுவை வாங்கி வளர்ப்பவருக்கு, 26 டிகிரி தேவைப்படுவது மூன்றாம் பருவத்து நான்கைந்து நாள்தான். அவருக்குச் சாக்குத் திரையும் ஓட்டுக்கு அடியில் ஒரு பாய்த் தட்டியுமே பெரும்பாலும் போதும். முட்டை வாங்கித் தாமே பொரிக்க வைப்பவர்களும், அக்கம்பக்கத்தாருக்கும் சேர்த்து இளம்புழு வளர்ப்பவர்களும்தான் சூரியப் பெட்டிக்குச் செலவு செய்யலாம்.

தண்ணீர் எதற்கு, அறையை நேரடியாக வெயிலில் காய்ச்சலாமே என்று கேட்கலாம். கண்ணாடி மூடிய பெட்டிக்குள் வெயில் சிக்கிக்கொள்ளும் என்பதை 1767ஆம் ஆண்டிலேயே சுவிட்சர்லாந்து விஞ்ஞானி டி சோசூர் செய்து காட்டினார். லடாக்கில் பே கிராமத்தில் உள்ள செக்மோல் பள்ளி வளாகத்தில் உறைபனிக் காலத்திலும் வெயிலைக் கொண்டே கட்டடங்களை வெதுவெதுப்பாக வைத்திருக்கிறார்கள். ஆனால் லடாக்கில் பகலும் குளிர். நம் ஊரிலோ மார்கழிப் பகலில் மனைக்குள் கூடுதல் சூடு தேவையில்லை. அளவு மீறினால் புழுவுக்குக் கேடு. பகல் சூட்டைப் பூட்டி வைத்து இரவில் திறந்துவிட வேண்டும். அதற்குத் தண்ணீரைப் போல மலிவான பொருள் வேறில்லை.

ஆறரை அடி நீளமும் மூன்றேகால் அடி அகலமும் உள்ள இரண்டு பெட்டிகள் நான்கு சதுர மீட்டருக்குச் சரியாக வரும். பெட்டியின் அடியில் இரண்டு அங்குலக் கனத்துக்குத் தேங்காய் நாரை அமுக்கிப் பரப்ப வேண்டும். தெர்மோகோல் வைக்கச் சொல்வார்கள், வேண்டாம். தண்ணீர் இல்லாமல் பெட்டி ஒரு நாள் வெயிலில் காய்ந்தால் தெர்மோகோல் உருகிச் சுருங்கிவிடும். நாரின் மேல் துத்தநாகத் தகடு. அதன்மேல் அரை அங்குல ஜி.ஐ. குழாய்களை ஐந்தைந்து அங்குல இடைவெளியில் நீளவாட்டில் வைத்து, மேலும் கீழும் ஒரு அங்குலக் குறுக்குக் குழாய்களில் பற்றவைக்க வேண்டும். குழாய் தகட்டோடு ஒட்டிக் கிடக்க வேண்டும். விலகி நிற்கும் இடத்தில் சூடு ஏறாது. பட்டறைக்காரர் அவசரப்படுவது இந்த வேலையில்தான், பக்கத்தில் இருந்து பாருங்கள். பிறகு கரும்பலகைக்குப் பூசும் மங்கலான கறுப்பு. பளபளக்கும் கறுப்பு வெயிலைத் திருப்பி அனுப்பிவிடும். ஓரங்குலம் இடைவெளி விட்டு 4 மில்லிமீட்டர் கண்ணாடியால் மூடி, ஓரங்களில் மழைநீர் புகாமல் அடைக்க வேண்டும்.

பெட்டி தெற்கு நோக்கிச் சாய்ந்திருக்க வேண்டும். தருமபுரி ஏறத்தாழ 12 டிகிரி வடக்கு அட்சத்தில் உள்ளது. குளிர்காலச் சூரியன் தெற்கே தாழ்ந்து செல்வதால், சாய்வு 25 டிகிரிக்குச் சற்று மேல் இருப்பது நல்லது. ஆறரை அடிப் பெட்டிக்கு வடக்கு முனையை மூன்றடி உயர்த்தினால் கணக்குச் சரி. காலை ஒன்பது முதல் மாலை நான்கு வரை வேப்பமர நிழல் விழாத இடமா என்று மார்கழியிலேயே பார்த்துவிடுங்கள். சித்திரை நிழல் வேறு, மார்கழி நிழல் வேறு.

மோட்டார் தேவையில்லை. சூடேறிய தண்ணீர் இலேசாகித் தானே மேலே ஏறும், குளிர்ந்தது கீழே இறங்கும். ஆனால் டிரம்மின் அடிப்பாகம் பெட்டியின் மேல் முனையைவிட ஓரடியாவது உயரத்தில் இருக்க வேண்டும். இல்லையேல் இரவில் ஓட்டம் தலைகீழாகி, சேர்த்த சூடு வெளியே போய்விடும். மனைக்கு இரண்டு இரண்டரை அடி மேடை இருந்தால் இது எளிது. பெட்டி வெளியே தரையில், டிரம் உள்ளே இரண்டடி உயரக் கல் திண்டின் மேல். பெட்டியின் மேல்முனைக் குழாய் டிரம்மின் மேல்பகுதியில் சேர வேண்டும். டிரம்மின் அடியிலிருந்து வரும் குழாய் பெட்டியின் கீழ்முனைக்குப் போக வேண்டும். குழாய் எங்கும் தொய்வில்லாமல் ஏறுமுகமாகவே செல்ல வேண்டும். ஒரு தொய்வு இருந்தால் காற்று அடைத்து ஓட்டம் நின்றுபோகும். சாதாரண பி.வி.சி. குழாய் இந்தச் சூட்டுக்கு இளகிவிடும்.

டிரம் இரும்பாக இருப்பது நல்லது. நீர்மட்டம் சூட்டுக் குழாயின் வாய்க்கு மேலேயே நிற்க வேண்டும்; அதற்கு மேல் மூன்று அங்குலம் காலியாக இருக்கட்டும். மூடியில் ஒரு துளை எப்போதும் திறந்திருக்க வேண்டும், இறுக மூடினால் வெடிக்கும். பூச்சி மருந்து வந்த டிரம்மை எவ்வளவு கழுவினாலும் எடுக்காதீர்கள். மருந்து வாடையே பட்டுப்புழுவைக் கொன்றுவிடும். சமையல் எண்ணெய் வந்த டிரம்மாகத் தேடி வாங்குங்கள். அதே காரணத்தால், வண்ணம் பூசும் வேலை எல்லாம் இரண்டு வளர்ப்புக்கு இடைப்பட்ட நாட்களில் முடிந்து வாடை போயிருக்க வேண்டும்.

நம் கிணற்று நீர் உப்பு நீர். காய்ச்சக் காய்ச்சக் குழாயில் காறை கட்டும். நல்ல வேளையாக இந்த அமைப்பில் அதே தண்ணீர்தான் திரும்பத் திரும்பச் சுற்றுகிறது. ஒரு முறை மழைநீரைப் பிடித்து நிரப்பிவிட்டால் காறைத் தொல்லை இல்லை. இன்னொன்று: மாவட்டத்தின் பல ஊர்களில் நிலத்தடி நீரில் புளோரைடு அதிகம், 2013ஆம் ஆண்டில் தொடங்கப்பட்ட ஒகேனக்கல் கூட்டுக் குடிநீர்த் திட்டம் வந்ததும் அதனால்தான். தண்ணீரைச் சூடாக்கினால் புளோரைடு போய்விடாது. டிரம் தண்ணீரைக் குடிக்கவோ சமைக்கவோ எடுக்க வேண்டாம்.

தினசரி வேலை அதிகமில்லை. காலையில் டிரம்மைச் சுற்றி வைக்கோல் திணித்த சாக்கு மெத்தையைப் போர்த்துங்கள். இரவு ஒன்பது மணிவாக்கில் கூடாரத்துக்குள் சூடு குறையத் தொடங்கும்போது பாதி மெத்தையை விலக்குங்கள். நள்ளிரவுக்கு மேல் முழுவதையும் எடுத்துவிடுங்கள். வெப்பமானி புழுத்தட்டின் உயரத்தில் தொங்க வேண்டும், டிரம்மின் பக்கத்தில் அல்ல. தழை போடும் ஒவ்வொரு வேளையும் சற்று நேரம் திரையை விலக்கிக் காற்று விடுவது அவசியம். டிரம்மின் மேல் அகன்ற தட்டில் தண்ணீர் வைத்தால் இளம் புழுவுக்கு வேண்டிய ஈரமும் கிடைக்கும். தோலுரிப்பு நேரத்தில் தட்டை எடுத்துவிடலாம். டிரம் தண்ணீர் தோலைச் சுடும் அளவுக்கு ஏறும், குழந்தைகளை அண்ட விடாதீர்கள்.

ஐப்பசி, கார்த்திகை அடைமழையில் சேர்ந்தாற்போல நாலைந்து நாள் சூரியன் முகமே தெரியாது. அப்போது பெட்டி வெறும் பெட்டிதான். ஆகவே கரி அடுப்பைத் தூக்கி எறிந்துவிட வேண்டாம். வெளியிலேயே மூட்டி, கரி நன்கு கனிந்த பிறகு மனைக்குள் வையுங்கள், கூடாரத்துக்குள் அல்ல. சன்னலில் ஒரு பங்கு திறந்திருக்கட்டும். அன்று யாரும் உள்ளே படுக்கக் கூடாது.

செலவு செய்யும் முன் இந்த மார்கழியில் ஒரு வாரம் அதிகாலை நான்கு மணி வெப்பத்தை மனைக்குள் குறித்து வாருங்கள். பிறகு கூடாரத்தை மட்டும் கட்டி இன்னொரு வாரம் குறியுங்கள். இரண்டு அல்லது மூன்று டிகிரி மட்டும் குறைவதாக இருந்தால் ஒரே பெட்டியும் 100 லிட்டர் டிரம்முமே போதலாம். மாசி முடிந்ததும் தண்ணீரை வடித்து, கண்ணாடியைச் சாக்கால் மூடிவிட்டுக் கூடாரத்தைப் பிரித்து வையுங்கள். பங்குனி முதல் மனையைக் குளிர வைப்பதுதான் வேலை.