வாட்டர் ஹீட்டரைச் சாதாரண பிளக்கில் மாட்டலாமா?

"புது வாட்டர் ஹீட்டர் வாங்கியாச்சு. பாத்ரூம் கதவுக்குப் பக்கத்திலேயே பிளக் பாயிண்ட் இருக்கு. அதுலயே மாட்டிடலாமே?"

கேட்க நியாயமாகத்தான் இருக்கிறது. ஆனால் பதில்: கூடாது.

ஏன்? ஒரு சின்னக் கணக்கு போட்டுப் பார்ப்போம்.

உடனடியாகத் தண்ணீரைச் சூடாக்கும் ஹீட்டர்கள் பல, சுமார் 3,300 வாட் சக்தி கொண்டவை. சிங்கப்பூரில் வீட்டு மின்சாரம் 230 வோல்ட். வகுத்துப் பார்த்தால் 14 ஆம்பியருக்கு மேல் வருகிறது. நாம் பயன்படுத்தும் மூன்று முனை பிளக் தாங்கக்கூடியது 13 ஆம்பியர்தான். தொட்டி வைத்த ஹீட்டர் 3,000 வாட் என்றாலும் சரியாக அந்த எல்லையில் வந்து நிற்கும், அதுவும் நீண்ட நேரத்துக்கு. பிளக் சூடாகும், பிளாஸ்டிக் உருகும்.

அதனால்தான் ஹீட்டருக்குத் தனி வயர், தனி சுவிட்ச். அதற்குப் பெயர் "டபுள் போல்" சுவிட்ச். வீவக வீடுகளில் பாத்ரூமுக்கு வெளியே, சிவப்பு விளக்கு எரியுமே, அதுதான். சாதாரண சுவிட்ச் மின்சாரம் வரும் 'லைவ்' கம்பியை மட்டும் துண்டிக்கும். இது லைவ், நியூட்ரல் இரண்டையும் சேர்த்துத் துண்டிக்கும். யாராவது கம்பியை மாற்றி இணைத்திருந்தாலும், அணைத்த பிறகு ஹீட்டருக்குள் மின்சாரம் மிச்சம் இருக்காது.

பிளக்கில் இன்னோர் ஆபத்தும் உண்டு. அதை யார் வேண்டுமானாலும் கழற்றி மாட்டலாம். அப்படி மாட்டும்போது பச்சை-மஞ்சள் நிற எர்த் கம்பி விட்டுப்போனால் வெளியே தெரியாது. ஹீட்டர் வழக்கம்போல் வேலை செய்யும். என்றாவது ஒருநாள் உள்ளே கசிவு ஏற்பட்டால், மின்சாரம் தரைக்குப் போக எர்த் கம்பி இருக்காது. ஷவருக்குக் கீழே ஈரக் காலோடு நிற்பவர்தான் அதற்கு வழி. ஈரமான தோல் மின்சாரத்தைத் தடுக்கும் சக்தியைப் பெரிதும் இழந்துவிடும்.

சரி, "டிரிப்" ஆகிவிடாதா?

இங்கேதான் நிறைய பேர் குழம்புகிறார்கள். மின் பெட்டியில் வரிசையாக இருக்கும் சின்ன சுவிட்சுகள் வயரைக் காப்பாற்ற இருப்பவை. ஹீட்டருக்கான சுவிட்ச் 20 ஆம்பியர் என்று வைத்துக்கொள்வோம். மனித இதயத்தைத் தாறுமாறாகத் துடிக்கவைக்க அதில் மிகச் சிறிய பங்கு போதும்.

ஆளைக் காப்பாற்றுவது ஆர்சிசிபி என்ற கருவி. போகும் மின்சாரமும் திரும்பி வரும் மின்சாரமும் சமமா என்று அது பார்த்துக்கொண்டே இருக்கும். வித்தியாசம் 30 மில்லிஆம்பியரை, அதாவது 0.03 ஆம்பியரை எட்டினால், 0.3 வினாடிக்குள் துண்டித்துவிடும். 20 ஆம்பியரோடு ஒப்பிட்டால் 600 மடங்குக்கும் மேல் குறைவான அளவு!

சிங்கப்பூரில் 1985 ஜூலை முதல் புதிய வீடுகளில் ஆர்சிசிபி கட்டாயம். அதற்கு முன் கட்டப்பட்ட வீடுகள்? 2023 ஜூலை 1ஆம் தேதி நடப்புக்கு வந்த விதிப்படி எல்லா வீடுகளிலும் இருக்க வேண்டும். பொருத்துவதற்கு இரண்டாண்டு அவகாசம் தரப்பட்டது. 2025 ஜூலை 1ஆம் தேதியோடு அது முடிந்துவிட்டது.

தாத்தா பாட்டி பழைய வீட்டில் இருக்கிறார்களா? அடுத்த முறை போகும்போது மின் பெட்டியைத் திறந்து பாருங்கள். "டெஸ்ட்" என்றோ "டி" என்றோ எழுதிய பொத்தான் இருக்கும். அழுத்தினால் மின்சாரம் உடனே போக வேண்டும். போகவில்லையென்றால், கருவி இருந்தும் பயனில்லை. (சொல்லாமல் அழுத்தாதீர்கள். சீரியல் நேரத்தில் செய்து நான் வாங்கிக் கட்டிக்கொண்டேன்.)

ஆர்சிசிபியும் எல்லாவற்றையும் தடுத்துவிடாது. ஒருவர் லைவ், நியூட்ரல் இரண்டையும் ஒன்றாகத் தொட்டால் அதற்குத் தெரியாது.

துணி துவைக்கும் இயந்திரமும் ஹேர் டிரையரும்

பாத்ரூம் மின்சாரத்துக்கு அனைத்துலகத் தரநிலை ஒன்று உள்ளது. அது அந்த இடத்தை மண்டலங்களாகப் பிரிக்கிறது. குளியல் தொட்டிக்குள் ஒன்று. அதற்கு மேலே, தரையிலிருந்து 2.25 மீட்டர் உயரம்வரை இன்னொன்று. அங்கிருந்து பக்கவாட்டில் 60 சென்டிமீட்டர் மூன்றாவது. தண்ணீருக்கு எவ்வளவு பக்கமோ, அவ்வளவு கடுமையான விதி. ஹோட்டல் பாத்ரூமில் ஷேவருக்கு என்று தனி பாயிண்ட் பார்த்திருப்பீர்கள். அதற்குள் ஒரு டிரான்ஸ்ஃபார்மர் இருக்கிறது. அது ஹேர் டிரையருக்கு ஆகாது.

நம் ஊரில் உண்மையான தலைவலி எக்ஸ்டென்ஷன் வயர்தான். இடம் போதாமல் துணி துவைக்கும் இயந்திரத்தைப் பாத்ரூம் ஓரமாக வைத்து, சமையலறையிலிருந்து வயர் இழுப்பார்கள். இணைப்பு ஈரத் தரையில் கிடக்கும், மேலே ஒரு பிளாஸ்டிக் பை சுற்றியிருக்கும். பை தண்ணீரைத் தடுக்காது, உள்ளே போன ஈரத்தைத்தான் பிடித்து வைக்கும். பேனா முனையால் குத்தி, இரண்டு முனை பிளக்கை நுழைக்கும் வித்தையும் அதே ரகம்.

"குளிக்கிறதுக்கு முன்னாடி சுவிட்சை அணைச்சிடு" என்று அம்மா சொல்வதைக் கேட்கலாம். தொட்டி வைத்த ஹீட்டர் என்றால் முடியும், தண்ணீர் ஏற்கெனவே சூடாக இருக்கும். உடனடி ஹீட்டரில் அது நடக்காத காரியம்.

குழாயைத் தொடும்போது லேசாக "ஜிவ்" என்கிறதா? ஆர்சிசிபி திரும்பத் திரும்ப விழுகிறதா? மறுபடி மறுபடி மேலே தள்ளிப் பார்க்காதீர்கள். ஹீட்டரை அணைத்துவிட்டு, எரிசக்திச் சந்தை ஆணையத்தின் உரிமம் பெற்ற மின் ஊழியரைக் கூப்பிடுங்கள். புதிய வயர் இழுப்பதும் ஹீட்டர் பொருத்துவதும் அவர்கள் வேலை. உரிமத்தைக் காட்டச் சொல்லிக் கேட்பதில் தப்பே இல்லை.

யாரையாவது மின்சாரம் தாக்கினால், முதலில் அவரைத் தொடாதீர்கள். மெயின் சுவிட்சை அணைத்துவிட்டு 995ஐ அழையுங்கள்.