மணியைவிட முடிச்சுதான் முக்கியம்!

'வீட்டிலிருந்தபடியே ஏதாவது செய்யணும். தையல் மெஷின் வாங்கக் கையில் காசில்லை' என்று இந்தப் பகுதியில் ஒரு சகோதரி எழுதியிருந்தார். அவருக்கும், அவரைப் போன்ற தோழிகளுக்கும் எனக்குத் தெரிந்த மணி கோர்க்கும் வேலையைப் பற்றிச் சொல்லலாமே என்றுதான் இந்தக் கடிதம். நான் பிறந்தது கடலூர், வாழ்க்கைப்பட்டது சிதம்பரம். இந்தப் பக்கத்துக்கும் மணிக்கும் இன்று நேற்றுப் பழக்கமில்லை.

கடலூரிலிருந்து பாண்டிச்சேரி போகிற வழியில், அரியாங்குப்பம் ஆற்றங்கரையில் இருக்கிறது அரிக்கமேடு. 1945-ல் மார்ட்டிமர் வீலர் அங்கே அகழாய்வு செய்த பிறகு அந்த ஊர்ப் பெயர் உலகம் முழுக்கத் தெரிந்தது. கண்ணாடியை உருக்கி, நீளமான குழாயாக இழுத்து, பொடிப்பொடியாக நறுக்கி, மறுபடி சூடு காட்டி முனையை மழுக்கி, அங்கே மணி செய்திருக்கிறார்கள். அதே வகை மணிகள் தென்கிழக்கு ஆசிய நாடுகளிலும் கிடைத்திருக்கின்றன. கடலூரை ஒட்டிய காரைக்காட்டிலும் பழைய மணிகள் கிடைத்தன. பரங்கிப்பேட்டைப் பக்கம் மணிக்கொல்லை என்றே ஓர் ஊர் இருக்கிறது. அங்கேயும் அப்படித்தான்!

இன்றைக்கும் பச்சைக் குழந்தை கையில் கருப்பு வெள்ளை மணி கட்டுகிறோம். முஸ்லிம் குடும்பங்கள் பலவற்றில் கல்யாணத்துக்குக் கருகமணி வேண்டும். கோயில் ஊரென்றால் ருத்ராட்சம், ஸ்படிகம், துளசி மணி இல்லாமலா? ஆகவே நம்ம கைக்கு இது புதுசில்லை. பயப்படாம ஆரம்பிக்கலாம்.

என்னென்ன வேண்டும்?

முதல் வேலைக்கு மணி வாங்கவே வாங்காதீர்கள். வீட்டில் அறுந்துபோய் டப்பாவில் கிடக்கிற பழைய மாலை ஒன்றாவது இருக்கும். அதை மறுபடி கோர்த்துப் பழகுங்கள். கை பழகினால், அக்கம்பக்கத்தில் அறுந்த மாலைகளைக் கோர்த்துக் கொடுப்பதே முதல் வருமானம் ஆகிவிடும். முதலீடு நூலும் கொக்கியும்தான்.

தூண்டிலுக்குப் போடுகிற தங்கூஸ் நரம்பு, சாதாரண கண்ணாடி மணிக்கும் பிளாஸ்டிக் மணிக்கும் போதும். கழுத்துக் கொக்கி, சின்ன வளையங்கள், மூக்குக் கொறடு ஒன்று, கத்தரிக்கோல், அளக்க டேப். அவ்வளவுதான். ஓட்டையில் நரம்பு தாராளமாக நுழைகிறதா என்று கடையிலேயே பார்த்து வாங்குங்கள். அசல் முத்து, பவழம் என்றால் நரம்பு வேண்டாம், பட்டு நூல்தான் நல்லது. ஒவ்வொரு மணிக்கும் நடுவில் ஒரு முடிச்சுப் போட வேண்டும். மணியோடு மணி உரசாது. அறுந்தாலும் ஒரு மணிக்கு மேல் உருளாது.

எத்தனை மணி?

18 அங்குல மாலையில் கொக்கிக்கு 1 அங்குலம் போனால் மீதி 17. அதற்கு 8 மி.மீ. மணி என்றால் 54, 6 மி.மீ. என்றால் 72, 4 மி.மீ. என்றால் 108. இதைக் கடைக்குப் போகும்போது துண்டுச் சீட்டில் எழுதி எடுத்துப் போனால் கூடுதலாக வாங்க வேண்டியிருக்காது. உடைந்தது, ஓட்டை அடைத்தது போக நாலைந்து மணி மட்டும் சேர்த்து வாங்குங்கள்.

கோர்க்கும் முறை

ஒரு தாம்பாளத்தில் பழைய காட்டன் புடவைத் துண்டைக் கொசுவம் போல மடித்து விரியுங்கள். அந்தப் பள்ளத்தில் மணிகளை வரிசையாக அடுக்கி, நிறம் பொருந்துகிறதா என்று பார்த்த பிறகு கோர்க்க ஆரம்பியுங்கள். மணி உருளாது, திரும்பப் பிரிக்கிற வேலையும் மிச்சம். நரம்பை மாலையின் நீளத்தைவிட 8 அங்குலம் கூடுதலாக வெட்டுங்கள்.

இனி முக்கியமான இடம். நைலான் நரம்பு வழுக்கும். பூ கட்டுகிற மாதிரி ஒரு முடிச்சுப் போட்டால் நாலு நாளில் நழுவிவிடும். கொக்கியின் வளையத்துக்குள் நரம்பை விட்டு, மூன்று சுற்று சுற்றி இறுக்குங்கள். அதன் மேல் இன்னொரு முடிச்சு. மிச்ச முனையை உடனே வெட்டாமல், மூன்று நாலு மணிகளுக்குள் திரும்பச் செருகி அப்புறம் வெட்டுங்கள். முடிச்சின் மேல் நிறமில்லாத நெயில் பாலிஷ் ஒரு சொட்டு விட்டு, நன்றாகக் காயவிடுங்கள்.

அடுத்த முனையை முடிப்பதற்கு முன் மாலையை வளைத்துப் பாருங்கள். கம்பி மாதிரி விறைத்து நின்றால் இறுக்கம் அதிகம். கண்ணாடி மணியின் ஓட்டை விளிம்பு நரம்பை அறுத்துவிடும். மணிக்கு நடுவில் நரம்பு பளிச்சென்று தெரிந்தால் தளர்ச்சி. இரண்டுக்கும் நடுவில் இருக்க வேண்டும்.

இன்னொரு வழியும் உண்டு. கோயில் வாசலிலும் பஸ் ஸ்டாண்டிலும் பாசிமணி விற்கிற நரிக்குறவப் பெண்களின் கையைக் கவனித்திருக்கிறீர்களா? ஒவ்வொரு மணிக்குள்ளும் துண்டுக் கம்பியை விட்டு, இரண்டு பக்கமும் கொறடால் வளையம் திருகி, ஒன்றோடொன்று மாட்டிக்கொண்டே போவார்கள். அறுந்தால் அந்த ஒரு கண்ணிதான் போகும், மாலை சிதறாது. அவர்களிடம் ஒரு மாலை வாங்கி, பேரம் பேசாமல் காசு கொடுத்து, 'எப்படிம்மா திருகறீங்க?' என்று கேட்டுப் பாருங்கள். எந்த வகுப்பிலும் இவ்வளவு சுலபமாகக் கற்றுக்கொள்ள முடியாது.

சிறு குழந்தைகள் இருக்கும் வீட்டில் அவர்கள் தூங்கிய பிறகே டப்பாவைத் திறங்கள். மணியை வாயில் போட்டால் தொண்டையில் சிக்கிவிடும். காதுக்கு மாட்டுகிற கொக்கியில் நிக்கல் கலந்திருந்தால் சிலருக்கு அரிப்பு வரும், புண்ணாகும். விற்கும்போது இதைக் கேட்டு, பார்த்துக் கொடுங்கள்.

கூலியைச் சேருங்கள்

மணி 90 ரூபாய், நரம்பும் கொக்கியும் 20 ரூபாய் என்று வையுங்கள். '110 ஆச்சு, 120-க்குக் கொடுத்திடலாம்' என்றுதான் நம்மில் பலர் விலை சொல்கிறோம். ஒன்றரை மணி நேரம் உட்கார்ந்த முதுகுக்கு 10 ரூபாய்தானா? கூலி 60 சேர்த்து 170 என்று சொல்லுங்கள். 'சும்மா வீட்டிலதானே இருக்கே' என்று சொல்பவர்களுக்கு, நம் நேரத்துக்கும் விலை உண்டு என்று நாம்தான் முதலில் சொல்ல வேண்டும். நவராத்திரியில் வெற்றிலைபாக்கோடு வைத்துக் கொடுக்க, பள்ளி ஆண்டு விழா நடனத்துக்கு, பட்டுப்புடவைக்கு ஜோடியாக என்று கேட்பவர்கள் நிச்சயம் வருவார்கள். ஆர்டர் வந்த பிறகு மணி வாங்குங்கள். சரக்கு வாங்கி அடுக்கிவிட்டு ஆளைத் தேடாதீர்கள்.

உஷார்!

'வீட்டிலிருந்தே மணி கோர்த்து மாதம் ஆயிரக்கணக்கில் சம்பாதிக்கலாம்' என்ற விளம்பரத்தைப் பார்த்து, எங்கள் தெருப் பெண் ஒருத்தி 2,000 ரூபாய் டெபாசிட் கட்டினாள். வீட்டில் யாருக்கும் தெரியாமல் சேர்த்த சிறுவாட்டுப் பணம் அது. மணி வந்தது, ராப்பகலாகக் கோர்த்து அனுப்பினாள். 'ஃபினிஷிங் சரியில்லை' என்று மொத்தத்தையும் தள்ளிவிட்டார்கள். டெபாசிட்டும் திரும்பவில்லை, கூலியும் இல்லை. அப்புறம் போன் நம்பரே கிடைக்கவில்லை. அவள் வேலையை நான் பார்த்தேன், ஒரு குறையும் இல்லை. இப்போது செல்போனிலும் இதே மாதிரி விளம்பரம் வருகிறது.

வேலை கொடுப்பவர்தான் நமக்குக் காசு தர வேண்டும் தோழிகளே, நாம் அவருக்குத் தர வேண்டியதில்லை. அந்த 2,000 ரூபாயில் பத்துப் பதினைந்து மாலைக்குத் தேவையான சாமான் வாங்கிவிடலாம். நாலு பேராகச் சேர்ந்து மொத்தக் கடையில் வாங்கிப் பிரித்துக்கொண்டால் இன்னும் மலிவு. சுய உதவிக் குழுவில் இருப்பவர்கள் குழுக் கூட்டத்திலேயே இதைப் பேசிப் பாருங்கள்.

அந்தச் சகோதரி முதல் மாலையை முடித்ததும் இதே பகுதிக்கு எழுத வேண்டும். எத்தனைக்கு விற்றீர்கள் என்பதையும் மறக்காமல் எழுதுங்கள்!

- ஒரு வாசகி, சிதம்பரம்