எத்தனை பேர் போட்டால் ஒரு மடிக்கணினி?

வரைபலகை ஒன்றும் கவராயப் பெட்டி ஒன்றும் இருந்தாற் போதும், பொறியியல் பயிலப் புகலாம் என்றிருந்த காலம் மலையேறிவிட்டது. அவ்விரண்டின் இடத்தையும், நூல்நிலையத்தின் பாதியையும், ஆய்வுகூடத்தின் ஒரு மூலையையும் இந்நாளில் மடிக்கணினி பிடித்துக்கொண்டது. தோட்டப்புறத்தில் அதனை 'லெப்டொப்' என்றே வழங்குவர். எப்பெயரால் அழைப்பினும் விலை குறைவதில்லை.

2025 ஆம் ஆண்டு செப்டெம்பரில், பசறைப் பக்கத்துத் தோட்டமொன்றிலிருந்து என் பழைய மாணவி ஒருத்தி தாயாருடன் என்னைக் காண வந்தாள். பொறியியற் பீடம் புகுவதற்குரிய புள்ளிகளைப் பெற்றுப் பேராதனையை எதிர்பார்த்திருந்த பிள்ளை அவள். நகரத்துக் கடையொன்றில், விளையாட்டுப் பிரியர்க்கென்று செய்த புதுக் கணினி ஒன்றை மூன்று இலட்சம் ரூபாவுக்குத் தவணையில் தருவதாகச் சொல்லியிருந்தார்களாம். தாயார் சீட்டுப் பணத்தை முடிச்சவிழ்த்துக் காட்டிவிட்டு, "மாஸ்டர் ஐயா, இதுக்கு நான் எத்தனை பேர் போடணும்?" என்று வினவினார்.

தோட்டத்தை அறியாத வாசகர்க்கு ஒரு விளக்கம் வேண்டும். முழு நாள் உழைத்து, குறித்த நிறைக்குக் கொழுந்து கொடுத்தால் ஒரு 'பேர்' விழும். நிறை குறைந்தால் அரைப் பேர். தமிழில் நாளைக் குறிக்கப் பேர் என்னும் சொல்லை ஆண்டவர்கள் நம் தோட்ட மக்களே. அடிப்படை நாட்கூலி 2021 இல் 1000 ரூபாவாகவும், 2024 செப்டெம்பரில் 1350 ரூபாவாகவும் நிர்ணயிக்கப்பட்டது. அவ்வம்மையார் வினவிய வேளையில் நடைமுறையிலிருந்தது பின்னைய தொகை. மூன்று இலட்சத்தை 1350 ஆல் வகுத்தால் 222 பேருக்கு மேல் வரும். சேமலாப நிதிக் கழிவையும், வேலை கிடையாத நாட்களையும், தவணை வட்டியையும் சேர்த்தால் ஓராண்டு உழைப்பும் போதாது. 2022 இல் டொலர் ஒன்று ஏறத்தாழ 200 ரூபாவிலிருந்து ஒரு சில மாதங்களில் 360 ரூபா வரையில் ஏறியபோது, இறக்குமதிப் பொருளான கணினியின் விலையும் உடன் ஏறிற்று. கூலி அவ்வளவு விரைவாக ஏறவில்லை.

யான் கணினி கற்றவனல்லன். எனினும், என்னிடம் இலக்கணம் படித்துப் பின்னர்ப் பொறியியலாளரும் நிரலாளருமானோர் பலர் உளர். அவர்களைத் துருவித் துருவிக் கேட்டவற்றை ஈண்டு எழுதுகின்றேன்.

முதலில் தெளிய வேண்டியது, கருவி எதற்கு என்பதே. பேராதனையில் முதலாம் ஆண்டு யாவர்க்கும் பொதுப்பாடம். துறை பிரிவது அதன் பின்னரே. எத்துறை என்று அறியுமுன் வலிய வரைகலைக் கணினிக்குக் கடன்படுவது எதற்கு? 'சி' மொழியும் 'பைதன்' மொழியும் பயில்வதற்குப் பெருவலி வேண்டியதில்லை. முப்பரிமாண வடிவங்களை வரையும் பெரிய மென்பொருள்களுக்கே தனி வரைகலைப் பொறி துணை செய்யும். அவற்றை இயக்கப் பீடத்தின் கணினிக்கூடம் உண்டு. விளையாட்டுக் கணினியோ பாரம் மிக்கது. மின்கலத்தை விரைவில் குடித்துவிடுவது.

இனிப் பெயர்களைப் பற்றி. காரணப்பெயர், இடுகுறிப்பெயர் என்று வகுப்பில் நாள்தோறும் பிரித்துக் காட்டும் எனக்கு, இன்டெல் நிறுவனத்தார் தம் செயலிகளுக்கு இட்ட பெயர்கள் மிகுந்த சுவை தந்தன. ஐ3, ஐ5, ஐ7 என்பவற்றைக் கேட்போர், ஏழு ஐந்தினும் பெரிது, ஆகவே சிறந்தது என்று காரணம் கற்பித்துக்கொள்வர். உண்மை வேறு. 'ஐ7-7500யு' என்பதற்கு இரண்டே கருக்கள். அடுத்த தலைமுறையில், 2017 இல் வந்த 'ஐ5-8250யு' என்பதற்கு நான்கு. நோக்க வேண்டியது கோட்டுக்குப் பின்னுள்ள எண்ணின் முதலிலக்கம்; அதுவே தலைமுறையைச் சொல்லும். (பத்தாம் தலைமுறை முதல் அது ஈரிலக்கமாகும்.) ஏ.எம்.டி. நிறுவனத்தாரும் இவ்வித்தையில் இளைத்தவரல்லர். 'ரைசன் 5 7520யு' 2022 இல் வெளிவந்தது. அதன் உள்ளே இருப்பதோ 2019 இல் அறிமுகமான 'சென் 2' அமைப்பு. மூன்றாம் இலக்கமாகிய 2 அதனைக் காட்டிக்கொடுத்துவிடும்.

எட்டாம் தலைமுறை என்னும் எல்லைக்கு வேறொரு காரணமும் உண்டு. விண்டோஸ் 10 இற்கான வழமையான ஆதரவை மைக்ரோசொப்ட் நிறுவனம் 2025 ஒக்டோபர் 14 உடன் முடித்துக்கொண்டது. விண்டோஸ் 11 ஓ, இன்டெல் செயலிகளிற் பெரும்பாலும் எட்டாம் தலைமுறையும் அதற்குப் பிந்தியனவும் இருந்தாலன்றி முறைப்படி ஏற்பதில்லை. ஏழாம் தலைமுறைக் கணினிகள் மலிந்து விற்பதன் இரகசியம் இது. லினக்ஸ் கற்றுக்கொள்ளும் துணிவுள்ளவர்க்கு அவையும் பயன்படும். நிரலாக்கம் பயில்வோர் எப்படியும் என்றோ ஒருநாள் லினக்ஸைக் கற்கவே வேண்டும். 1991 இல் பின்லாந்து மாணாக்கர் லினஸ் டோர்வால்ட்ஸ் தொடங்கிய அம்முறைமைக்குப் பணம் கொடுக்க வேண்டியதில்லை.

நினைவகம் 8 ஜிபி இல்லாததைத் தொடாதீர். 16 ஆக்குவதற்கு இடமுண்டா, பலகையோடு பற்றவைத்துவிட்டார்களா என்று கேட்டறிக. சேமிப்பு எஸ்.எஸ்.டி. ஆகவும் 256 ஜிபியாகவும் இருத்தல் நலம். 64 ஜிபி என்று விற்கும் மலிவுப் பொருளில், விண்டோஸ் 11 கேட்கும் ஆகக்குறைந்த இடமே 64 ஜிபி என்றால், பிள்ளையின் பாடம் எங்கே குடியிருக்கும்?

பழைய கணினி வாங்குவோர் மின்கலத்தைச் சோதியாமல் காசு கொடுத்தலாகாது. லயத்து அறையில் மின்சாரம் நின்றால் வேறு வழியில்லை. 2022 மார்ச்சில் ஒரு நாளில் 13 மணி நேரம் இருளில் இருந்ததை நாம் மறக்கவில்லை. விண்டோஸில் 'பவர் சி.எஃப்.ஜி.' என்னும் கட்டளையால் மின்கல அறிக்கை பெறலாம். பிறந்தபோதிருந்த கொள்ளளவும் இன்றுள்ள கொள்ளளவும் அதில் அருகருகே நிற்கும். பாதியாகியிருந்தால், புது மின்கலத்தின் விலையைக் கழித்துப் பேசுக. ஜப்பானிலிருந்து வந்தவற்றின் விசைப்பலகையில் ஜப்பானிய எழுத்துக்கள் இருக்கும். அது குற்றமன்று, பேரத்துக்கு உதவும். மின்னேற்றியில் 100–240 வோல்ட் என்று பொறித்திருக்கிறதா என்று மட்டும் பார்க்க. ஐப்பசி மாதத்து மாலைகளில் ஊவா மலைகளில் இடி முழங்கத் தொடங்கியதும் செருகியைக் கழற்றிவிடுவது, எவ்விலைக் கணினிக்கும் பொருந்தும் வைத்தியம்.

பம்பலப்பிட்டி யூனிட்டி பிளாசாவிற் கடைகள் பல, ஒப்பிட்டு வாங்கலாம். ஆயின் பழுதானால் மறுபடியும் கொழும்புக்குப் பயணம், அன்றைய பேரும் போய்விடும். ஆகவே அம்மாணவிக்குப் பதுளையிலேயே, எழுத்து மூலம் ஆறு மாத உத்தரவாதம் தருபவரிடம் பார்க்கச் சொன்னேன். எட்டாம் தலைமுறை ஐ5, 8 ஜிபி, முன்பு ஏதோ அலுவலகத்தில் உழைத்த கணினி, 85,000 ரூபாவுக்கு அமைந்தது. அம்மையாருக்குக் கணக்குச் சொன்னேன்: 63 பேர். சீட்டுப் பணம் அதிற் பெரும்பகுதியைத் தாங்கிற்று. தவணைச் சீட்டில் கையொப்பமிட நேரவில்லை.

அப்பிள்ளை அக்கணினியிற் பைதன் பழகும்போது எனக்கொரு வேடிக்கை காட்டினாள். 'தமிழ்' என்னும் சொல்லில் எத்தனை எழுத்து என்று கேட்டால், அது ஐந்து என்றது! யுனிகோட் முறையில் விசிறியும் புள்ளியும் தனித்தனிக் குறிகளாக எண்ணப்படுகின்றனவாம். மெய்யோடு உயிர் சேர்ந்தால் உயிர்மெய் என்பது நம் இலக்கணம். அகரமேறிய ழகரத்தை முதலில் வைத்து, புள்ளியிட்டு அகரத்தை நீக்கி மெய்யாக்குவது அவர்கள் வழக்கு. "சேர், மூன்று என்று சொல்ல வைக்க நான் ஒரு நிரல் எழுதுகிறேன்" என்றாள். மூன்று இலட்சம் ரூபாக் கணினியும் ஐந்தென்றே சொல்லியிருக்கும்.

பீடங்களுக்கு ஒரு விண்ணப்பம். எந்தப் பாடத்துக்கு எந்தத் தரத்துக் கணினி போதும் என்று தமிழிலும் சிங்களத்திலும் ஒரு பக்கம் அச்சிட்டு, அனுமதிக் கடிதத்தோடு அனுப்பலாகாதா? அச்செலவு ஒரு தபாற்றலைக்கு மேலாகாது. கடைக்காரர் சொல்லுக்கு முன்னே அக்கடிதம் பசறைக்கும் லுணுகலைக்கும் வந்து சேர வேண்டும்.