படித்ததைப் பிறர்க்கும் சொல்வோம்

ஊரிலிருந்து உறவினர் வரும்போது ஒரு பொட்டலம் கருப்பட்டியோ ஒரு டப்பா முறுக்கோ கொண்டு வருவது வழக்கம். அதைப் பிரித்ததும் நம் வீட்டுப் பெண்கள் முதலில் என்ன செய்கிறார்கள்? அண்டை வீட்டுக்கு நான்கு எடுத்து வைக்கிறார்கள். பிறர்க்குக் கொடாமல் உண்டால் அது நம் தொண்டையில் இறங்குவதில்லை. ஆனால் ஒரு நல்ல நூலைப் படித்து முடித்தால் நாம் அதை அலமாரியில் வைத்துப் பூட்டிவிடுகிறோம். மிஞ்சினால், "நன்றாயிருக்கிறது, படியுங்கள்" என்று சொல்லி நிறுத்திக்கொள்கிறோம். பலகாரத்தில் நமக்குள்ள பண்பு புத்தகத்தில் இல்லாமற் போனது ஏன் என்பதை நேயர்களோடு சேர்ந்து சிறிது சிந்திக்க விரும்புகிறேன்.

நான் புலவன் அல்லன். பத்தாம் வகுப்புத் தேறி, ரயில்வேயில் எழுத்தர் வேலைக்கு வந்து, திருநெல்வேலிச் சீமையிலிருந்து இத்திருவனந்தபுரத்தில் குடியேறியவன். என் தந்தையார் விட்டுச் சென்ற ஒரு தகரப்பெட்டி நிறைந்த நூல்களே நான் கண்ட கல்லூரி. ஆகவே, பின்வருவதை அறிவுரையாகக் கொள்ளாமல், உங்களைப் போன்ற வாசகன் ஒருவனின் அனுபவமாகக் கொள்ளுமாறு வேண்டுகிறேன்.

சில ஆண்டுகளுக்கு முன் இந்நகரில் நடந்த ஒரு தமிழ்க் கூட்டத்தில், ஓய்வு பெற்ற முதியவர் ஒருவர் என் அருகில் அமர்ந்திருந்தார். பேச்சுவாக்கில், "தம்பி, 'பள்ளிகொண்டபுரம்' படித்திருக்கிறீர்களா?" என்று கேட்டார். நீல பத்மநாபன் இந்நகரையே களமாகக் கொண்டு எழுதிய நாவல் அது. அதன் பெயரைக் கேள்விப்பட்டிருந்தேனேயன்றி நூலைக் கண்ணால் கண்டதில்லை. எனினும், இவ்வூரில் வாழும் தமிழன் இல்லை என்று சொல்வது இழிவு எனக் கருதி, "படித்திருக்கிறேன், அண்ணாச்சி" என்று தலையசைத்துவிட்டேன். அவர் முகம் மலர்ந்தது. "அப்படியானால் சொல்லுங்கள், அனந்தன் நாயர் நடந்துகொண்ட முறை சரிதானா?" என்றார். எனக்கு வியர்த்தது. ஏதோ முணுமுணுத்தேன். பெரியவருக்கு விளங்கிவிட்டது, ஆயினும் அவர் என்னை மேலும் சோதிக்கவில்லை.

இரண்டு நாள் கழித்து, தம்பானூர் ரயில் நிலையத்தில் பயணச்சீட்டு வாங்குவோர் வரிசையில் அவர் நின்றிருந்தார். தம் முறை வந்ததும் ஒரு நூலைச் சாளரத்தின் வழியே உள்ளே தள்ளினார். "எனக்குச் சீட்டு வேண்டாம், தம்பி. இதைப் படித்துவிட்டு அந்தக் கேள்விக்குப் பதில் சொன்னால் போதும்" என்று கூறிவிட்டுப் போய்விட்டார். அந்த நாவலை நான் படித்த விதமே வேறு. நான் பதில் சொல்ல வேண்டியவனாயிருந்தேன். மாலையில் வேலை முடிந்ததும் கிழக்கேகோட்டை வரை நடந்து, பத்மதீர்த்தக் குளத்தருகே நின்று, நாள்தோறும் கடந்து சென்ற அந்த இடங்களை முதன்முறையாகப் பார்த்தேன். பிறகு அவரைச் சந்தித்து என் கருத்தைக் கூறினேன். அவர் அதை ஒப்பவில்லை. இருவரும் ஒரு மணி நேரம் வாதாடினோம். அன்று முதல் மாதம் ஒரு நூல் அவர் கையிலிருந்து என் கைக்கு வந்தது. ஒவ்வொன்றோடும் ஒரு கேள்வியும் வந்தது.

ஒரு நூலை மற்றொருவருக்கு எடுத்துரைப்பது சிறு செயல் என்று எண்ணற்க. தமிழ் இலக்கிய வரலாற்றின் போக்கையே அத்தகைய ஒரு கேள்வி மாற்றியிருக்கிறது. 1880ஆம் ஆண்டு அக்டோபர் 21ஆம் நாள், கும்பகோணம் கல்லூரியில் தமிழாசிரியராக இருந்த உ.வே. சாமிநாதையர், அங்கு முன்சீபாக வந்திருந்த சேலம் இராமசாமி முதலியாரைக் காணச் சென்றார். ஐயருக்கு அப்போது வயது 25. என்னென்ன படித்திருக்கிறீர்கள் என்று முதலியார் கேட்க, ஐயர் தாம் கற்ற அந்தாதிகளையும் கலம்பகங்களையும் கோவைகளையும் புராணங்களையும் வரிசையாகச் சொன்னார். முதலியார் அவற்றால் நிறைவடையவில்லை. சீவகசிந்தாமணி முதலிய பழைய காப்பியங்களைப் படித்ததுண்டா என்றார். அந்நூல்கள் தமக்குக் கிட்டவில்லை என்று ஐயர் உள்ளதை உள்ளபடி ஒப்புக்கொண்டார். நான் செய்ததையும் அப்பெருமகனார் செய்ததையும் ஒப்பிட்டுப் பார்த்து நாணுகிறேன்.

முதலியார் சிந்தாமணிப் பிரதியைத் தேடிக் கொடுத்தார். தாமும் உடனிருந்து பாடம் கேட்டார். பொருள் விளங்காத இடங்கள் வந்தபோது ஐயர் கும்பகோணத்துச் சமணர்களை நாடினார். அவர்கள் ஏட்டைப் பூட்டி வைத்துப் பூசித்தவர்கள் அல்லர். கூடியிருந்து வாசித்துப் பொருள் சொல்லி வந்தவர்கள். 1887இல் சீவகசிந்தாமணி ஐயரது பதிப்பாக அச்சேறியது. தொடர்ந்து 1889இல் பத்துப்பாட்டும், 1892இல் சிலப்பதிகாரமும், 1894இல் புறநானூறும், 1898இல் மணிமேகலையும் வெளிவந்தன. இவற்றுக்கெல்லாம் தொடக்கம் ஒரு வாசகர் மற்றொரு வாசகரிடம், "இதைப் படித்தீரா?" என்று கேட்டதே அன்றோ!

அவ்வாறு கூடிப் படித்ததற்குப் பிற்காலச் சான்று ஒன்றும் உண்டு. திருநெல்வேலி வண்ணார்பேட்டையில் ரசிகமணி டி.கே. சிதம்பரநாத முதலியாரின் இல்லத்து நடுவே வட்ட வடிவமான தொட்டிக்கட்டு ஒன்று இருந்தது. 1920களில் ஞாயிறு மாலைகளில் நண்பர்கள் அங்கே கூடிக் கம்பனையும் பிற கவிகளையும் படித்துச் சுவைத்தனர். அக்கூட்டத்துக்கு 'வட்டத்தொட்டி' என்ற பெயரே நிலைத்துவிட்டது. இத்திருவனந்தபுரத்தில் பெண்கள் கல்லூரியில் தமிழ் கற்பித்த கவிமணி தேசிகவிநாயகம் பிள்ளையின் பாடல்களைத் தமிழ்நாடெங்கும் எடுத்துச் சொல்லிப் பரப்பியவர்களுள் டி.கே.சி. முதன்மையானவர். கவி இங்கே பாடினார். ரசிகர் அங்கே அதை நான்கு பேருக்குச் சொன்னார். பாட்டு நாடெல்லாம் நடந்தது.

நாம் வாழும் இந்நகரம் தமிழுக்கு அந்நியமானதன்று. இங்கிருந்த மகாராஜா கல்லூரியில் தத்துவம் கற்பித்த பெ. சுந்தரம் பிள்ளை 1891இல் வெளியிட்ட 'மனோன்மணீய'த்தின் பாயிரத்திலிருந்தே தமிழக அரசின் தமிழ்த்தாய் வாழ்த்து எடுக்கப்பட்டது. இங்கு ஆங்கிலப் பேராசிரியையாக இருந்த ஹெப்சிபா ஜேசுதாசன் 1964இல் 'புத்தம் வீடு' தந்தார். மின்வாரியத்தில் பொறியாளராக இருந்த நீல பத்மநாபன் 2007இலும், சாலைக் கடைத்தெருவில் பாத்திரக் கடை நடத்திக்கொண்டே எழுதிய ஆ. மாதவன் 2015இலும் சாகித்ய அகாதெமி விருது பெற்றனர். ஆங்கிலம் கற்பித்துக்கொண்டே தமிழில் எழுதிய நகுலன் 1968இல் 'குருக்ஷேத்திரம்' என்னும் தொகுப்பை இங்கிருந்தே கொணர்ந்தார். இவர்களுள் எத்தனை பேரின் பெயரை நம் பிள்ளைகள் நம் வாயிலிருந்து கேட்டிருக்கிறார்கள்?

நூல்கள் கிடைப்பதில்லை என்று குறை சொல்லவும் இடமில்லை. 1829இல் தொடங்கப் பெற்ற பொது நூலகம் பாளையத்தில் இருக்கிறது. அங்கே தமிழ் நூல்களும் உண்டு. நம் மலையாளச் சகோதரர்களைப் பாருங்கள். பி.என். பணிக்கர் என்னும் ஆசிரியர் 1945இல் அம்பலப்புழையில் 47 நூலகங்களின் பிரதிநிதிகளைக் கூட்டி ஒரு நூலக இயக்கத்துக்கு அடிகோலினார். ஊர் ஊராகச் சென்று படிக்குமாறு மக்களை வேண்டினார். அவர் மறைந்த ஜூன் 19ஆம் நாளை 1996 முதல் வாசிப்பு நாளாகக் கேரளம் கொண்டாடுகிறது. அன்று என் மகள் பள்ளியிலிருந்து வந்து, தான் படித்த மலையாளக் கதையைப் பற்றி ஓயாமல் பேசுவாள். அதைக் கேட்டு மகிழ்ந்த நான், அவளிடம் ஒரு தமிழ் நூலைப் பற்றியேனும் பேசியதில்லை என்பதை உணராதிருந்தேன்.

உணர்த்தியது ஒரு துயரம். எனக்கு நூல் கொடுத்து வந்த அப்பெரியவர் காலமானார். ஒரு மாதம் சென்று அவர் இல்லத்துக்குப் போனேன். அலமாரி வெறுமையாக இருந்தது. நூல்கள் அனைத்தும் பழைய காகிதக் கடைக்கு எடைக்குப் போய்விட்டன. அவர் பிள்ளைகள் நல்லவர்கள். தந்தையைக் கண்ணை இமை காப்பதுபோல் காத்தவர்கள். ஆனால் இங்கேயே பிறந்து மலையாளத்திலும் ஆங்கிலத்திலும் கற்ற அவர்களுக்குத் தமிழ் எழுத்துத் தெரியாது. எதை வைத்துக்கொள்வது, எதை யாருக்குக் கொடுப்பது என்று அவர்களால் எவ்வாறு அறிய முடியும்? அவர்களைக் குறை கூற எனக்கு வாயில்லை. என் மகளுக்கும் அன்று தமிழ் எழுத்துத் தெரியாது.

காகிதக் கடைக்கு ஓடினேன். கட்டுகள் பல முன்பே போய்விட்டன. இரண்டு நூல்கள் மட்டும் கிடைத்தன. அவற்றுள் ஒன்றில், பக்க ஓரத்தில் பென்சிலால், 'இதைக் கேட்க வேண்டும்' என்று அவர் கையெழுத்தில் குறித்திருந்தது. யாரிடம் கேட்க எண்ணினாரோ! அன்றிரவு என் தந்தையாரின் தகரப்பெட்டியைத் திறந்து வெகுநேரம் பார்த்துக்கொண்டிருந்தேன். எனக்குப் பின் இப்பெட்டி என்னவாகும் என்ற கேள்வி என்னை உறங்கவிடவில்லை.

அதன் பிறகே எங்கள் ரயில்வே குடியிருப்பில் நான்கு தமிழ்க் குடும்பங்கள் சேர்ந்து, மாதந்தோறும் இரண்டாவது ஞாயிறு மாலையில் ஒரு வீட்டில் கூடலானோம். தேநீரும் சுண்டலுமே செலவு. வருபவர் ஒவ்வொருவரும் ஒரு நூலைக் கொணர்ந்து பத்து நிமிடம் பேச வேண்டும். அனுபவத்தில் சில முறைகளை வகுத்துக்கொண்டோம். மற்றவர்க்கும் பயன்படும் எனக் கருதி அவற்றைக் கூறுகிறேன்.

முதலாவது, படித்ததையே பேச வேண்டும். பாதியில் நிறுத்தியிருந்தால், எந்தப் பக்கத்தில், ஏன் நிறுத்தினோம் என்று மறைக்காமல் சொல்லலாம். என் பழைய பிழையை எண்ணி நானே முன்மொழிந்த விதி இது. இரண்டாவது, கதையின் முடிவைச் சொல்லலாகாது. மூன்றாவது, அந்நூல் கூட்டத்தில் உள்ளவருள் யாருக்கு ஏற்றது என்று பெயர் குறித்துச் சொல்ல வேண்டும். நூலக இயலின் தந்தை எனப் போற்றப்படும் சீர்காழி எஸ்.ஆர். ரங்கநாதன் 1931இல் வகுத்த ஐந்து விதிகளுள், ஒவ்வொரு வாசகருக்கும் அவருக்குரிய நூல் கிட்ட வேண்டும், ஒவ்வொரு நூலும் அதற்குரிய வாசகரை அடைய வேண்டும் என்பனவும் உண்டு. அந்த இருவரையும் சேர்த்து வைக்கும் தரகு வேலையே நாம் செய்வது. நான்காவது, பிடிக்காத நூலைப் பிடிக்கவில்லை என்றே கூறலாம். காரணம் மட்டும் சொல்ல வேண்டும். ஐந்தாவது, இரவல் போகும் நூல்களை ஒரு குறிப்பேட்டில் எழுதிவிட வேண்டும். நட்பு வேறு, கணக்கு வேறு அல்லவா?

கருத்து வேற்றுமை வந்தால் கூட்டம் கெடும் என்று அஞ்சினோம். நேர்ந்தது வேறு. ஒரு முறை 'புத்தம் வீடு' நாவலைப் பற்றிப் பேச்சு எழுந்தது. தஞ்சைப் பக்கத்து நண்பர், அதன் வட்டார வழக்கு தமக்கு விளங்கவில்லை, இருபது பக்கத்தில் மூடிவிட்டேன் என்றார். கன்னியாகுமரி மாவட்டத்து அம்மையார் ஒருவர், "அது என் பாட்டி பேசிய பேச்சு, அண்ணா. கண்ணால் படித்தால் விளங்காது, காதால் கேளுங்கள்" என்று சொல்லி இரண்டு பக்கம் உரக்க வாசித்தார். வாசிக்கும்போதே அவர் குரல் தழுதழுத்தது. நண்பர் ஒன்றும் பேசாமல் நூலை மீண்டும் வாங்கிக்கொண்டு போனார்.

அதே அம்மையார்தாம் என் மகளையும் வென்றார். ஒரு ஞாயிறன்று குழந்தைகளைச் சுற்றி அமர்த்தி, விக்கிரமாதித்தன் கதைகளுள் ஒன்றை வாசித்தார். வேதாளம் கேள்வி கேட்டு முடித்ததும், பட்டென்று புத்தகத்தை மூடிவிட்டார். "பதில் இதற்குள் இருக்கிறது, கண்ணு" என்று என் மகளிடமே கொடுத்தார். வீட்டுக்கு வந்ததும் அவள் என்னிடம் பதில் கேட்டாள். சொல்லிவிட நா துடித்தது, அடக்கிக்கொண்டேன். மலையாளம் கற்ற குழந்தையாதலின் ழகரமும் றகரமும் அவளுக்குப் புதியன அல்ல. ஆனால் ஒரே ககரம் சொல்லுக்குச் சொல் வேறு வேறாக ஒலிப்பது அவளுக்குப் பெரும் வியப்பாயிருந்தது. எழுத்துக்கூட்டி இரண்டு பக்கம் படிக்க ஒன்பது நாட்கள் ஆயின. இன்றும் தட்டுத் தடுமாறித்தான் படிக்கிறாள். எழுதினால் பிழைகள் மலிந்திருக்கும்.

ஆயினும் அடுத்த கூட்டத்தில் அவள் எழுந்து நின்று விடையைச் சொல்லிவிட்டு, "அந்த ராஜா சொன்னது சரியில்லை" என்று தன் காரணங்களையும் அடுக்கினாள். எல்லாரும் சிரித்தனர். எனக்கோ, பயணச்சீட்டுச் சாளரத்தருகே நின்று, "அனந்தன் நாயர் நடந்துகொண்ட முறை சரிதானா?" என்ற கேள்வியை எனக்கு நினைவூட்டிச் சென்ற பெரியவரின் முகம் கண்முன் தோன்றியது.

சகோதர சகோதரிகளே, பிறந்த மண்ணை விட்டு வந்த நமக்கு நிலமும் தோப்பும் இங்கே இல்லாதிருக்கலாம். பிள்ளைகளுக்கு வைத்துச் செல்ல நம்மிடம் உள்ள சொத்துகளில் ஒன்று, நாம் படித்து நெஞ்சுருகிய நூல்கள். அவற்றின் சாவி நம் பேச்சிலேதான் இருக்கிறது. இம்மாதம் ஒரே ஒரு நூலை எடுங்கள். அதை ஒரே ஒருவருக்குச் சொல்லுங்கள். சொல்லும்போது ஒரு கேள்வியையும் உடன் வையுங்கள். வெகு நாட்களுக்குப் பின் என்றேனும் உங்கள் அலமாரியைத் திறக்கும் கை, அதில் எதை எடுக்க வேண்டும் என்று அறிந்த கையாக இருக்கட்டும்.