முறைவழியாக்கியின் விரைவும் வரம்பும்

கணினியினுள் நிகழும் கருமம் ஒவ்வொன்றும் ஒரு கடிகாரத் துடிப்புக்கு இயையவே நிகழ்கின்றது. ஆடலுக்குத் தாளம் எவ்வாறோ, முறைவழியாக்கிக்குத் துடிப்பும் அவ்வாறே. ஒரு விநாடியில் எழும் துடிப்புகளின் தொகையே மீடிறன் எனப்படும். ஆக்கியோர் விதித்த மீடிறனுக்கு மேலாக முறைவழியாக்கியை இயக்குதல் ஓவர்குளொக்கிங் என வழங்கும். பழைய கருவியொன்றைக் கொண்டு இதனைப் பயிலப் புகுவோர்க்குச் சிறந்த எடுத்துக்காட்டு, இன்ரெல் நிறுவனம் 1998ஆம் ஆண்டு ஓகஸ்ட் மாதத்தில் வெளியிட்ட செலரோன் 300ஏ என்பதாகும்.

விதித்த அளவைக் கடத்தல் யாங்ஙனம் இயலும்? ஒரே சிலிக்கன் தட்டிற் பிறந்த சில்லுகள் யாவும் ஒத்த திறனுடையன அல்ல. வெப்பம் மிக்க விடத்தும், வோல்ற்றளவு சிறிது தாழ்ந்த விடத்தும் பிழையின்றி இயங்கவேண்டுமாதலின், ஆக்கியோர் ஓரளவு இடைவெளி விட்டே மீடிறனை விதிக்கின்றனர். மலிவான சில்லுக்குத் தேவை மிகும்போது, விரைந்தியங்க வல்லதும் குறைந்த மீடிறனோடு விற்கப்படுதல் உண்டு. ஆகவே பொறிக்கப்பட்ட எண் ஒரு வாக்குறுதி; அச்சில்லின் இறுதி எல்லையன்று.

செலரோன் 300ஏ தாய்ப்பலகையிலிருந்து 66 மெகாஹேர்ட்ஸ் துடிப்பைப் பெற்று, அதனைத் தன்னுள் 4.5 மடங்காக்கி, 300 மெகாஹேர்ட்ஸில் இயங்கியது. பெருக்கும் எண் சில்லினுள்ளே பூட்டப்பட்டிருந்தமையால், தாய்ப்பலகையின் துடிப்பை உயர்த்துதலே எஞ்சிய வழி. அதனை 100 மெகாஹேர்ட்ஸ் ஆக்கினால் சில்லு 450 மெகாஹேர்ட்ஸில் இயங்கும். பன்மடங்கு விலையுடைய பென்ரியம் 2 வகையுள் அம்மாதமே வெளிவந்த உயர்ந்ததன் மீடிறனும் அதுவே. செலரோனின் பதுக்கு நினைவகம் 128 கிலோபைற்று அளவினதாயினும், சில்லினுள்ளே அமைந்து முழு விரைவில் இயங்கியமையால், பல வேலைகளில் அது பென்ரியத்துக்கு ஈடுகொடுத்தது.

இங்கே தொடக்கநிலையாளர் இயல்பாகவே ஒன்று கருதுவர்: ஒரேயடியாக 100க்குத் தாவாது, 75, 83 எனப் படிப்படியாக ஏறுதல் பாதுகாப்பானது என்பதே அது. சில்லு ஒன்றையே நோக்கின் அக்கருத்துச் சரியே. ஆயின் அக்காலப் பிசிஐ இணைப்புகள் 33 மெகாஹேர்ட்ஸுக்கென வகுக்கப்பட்டவை. தாய்ப்பலகை 66ஐ இரண்டால் வகுத்தும், 100ஐ மூன்றால் வகுத்தும் அவ்வளவை அவற்றுக்கு ஈந்தது. 83ஐயோ அது இரண்டால் வகுத்தமையால், இணைப்புகளுக்கு 41 மெகாஹேர்ட்ஸுக்கு மேற்பட்ட துடிப்புச் சென்றது. அதனைத் தாங்காதவழி வன்தட்டில் எழுதப்படும் தரவு சிதையும். இவ்வாறு நடுவழியே முடிவிடத்தினும் இடர் மிக்கதாயிற்று. ஓர் உறுப்பை மாற்றுவோர் அதனோடு பிணைந்த பிறவற்றையும் நோக்கவேண்டும் என்பது இதனாற் பெறப்படும்.

அடுத்தது வெப்பம். சில்லு துடிப்பின்பொருட்டுச் செலவிடும் வலு, மீடிறனுக்கு நேர்விகிதமாகவும், வோல்ற்றளவின் வர்க்கத்துக்கு நேர்விகிதமாகவும் மாறும். மீடிறனை 300இலிருந்து 450 ஆக்கினால் அவ்வலு ஒன்றரை மடங்காகும். சில்லு தடுமாறுகின்றதென்று 2.0 வோல்ற்றை 2.2 ஆக உயர்த்தின், அது ஏறக்குறைய 1.8 மடங்காகும். ஆதலின் வோல்ற்றளவை உயர்த்துமுன் வெப்பத்தை அகற்றும் உலோகத் தகடும் விசிறியும் போதியனவோ என ஆராய்தல் கடன்.

இவை யாவும் அமைந்து கணினி தொடங்கிவிட்டால் முயற்சி முற்றியதாகாது. மீடிறன் மிகும்போது ஒரு துடிப்புக்கும் அடுத்ததற்கும் இடைப்பட்ட நேரம் சுருங்கும். சுற்றிலே ஒரு சைகை உரிய நேரத்திற் சென்றடையாதாயின், தவறான இலக்கம் ஏற்கப்படும். கணினி நின்றுவிட்டால் அப்பிழை வெளிப்படை; நில்லாது தொடர்ந்து தவறான விடையைத் தருதலே பெருந்தீங்கு. இதனைக் கண்டறிய, மெர்சென் முதன்மை எண்களைத் தேடும் பொருட்டு எழுந்த பிரைம்95 என்னும் செய்நிரல் பயன்படுகின்றது. அது கடினமான கணிப்புகளைப் பல மணி நேரம் இடையறாது செய்வித்து, விடைகளை முன்பே அறிந்த விடைகளோடு ஒப்பிடும். ஒரு பிழை தோன்றினும் மீடிறனைக் குறைத்தலே முறை.

இன்றைய முறைவழியாக்கிகள் பல, வெப்பமும் வலுவும் இடங்கொடுக்கும் அளவுக்குத் தம் மீடிறனைத் தாமே உயர்த்திக்கொள்கின்றன. ஆயினும் பழைய சில்லைக் கொண்டு செய்யும் முயற்சி வீணன்று. சில விநாடிகளை மிச்சப்படுத்துதலினும், கருவியொன்றன் வலியை அளந்தறியும் பயிற்சியே அதன் பெரும்பேறு. விரைந்து வரும் விடை பிழையாயின், அவ்விரைவாற் பயன் யாதுமில்லை.